ஷெர்கோவுக்குக் குடுத்த தேங்காய்

இருங்கோ பிள்ளை, எழும்பாதேங்கோ. இறங்கி நடந்தாலும் போகேலாது. ஏதோ ஊர்வலமாம், முன்னுக்குத் தெரியிற சந்தியில இருந்து ஸ்டேஷன் வரைக்கும் அடைச்சுப் போட்டாங்கள். ட்ரைவர் இப்ப மைக்கில சொன்னது அதுதான். அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ தனக்கும் தெரியாதாம். நீங்கள் போனில தமிழில கதைச்சதைக் கேட்டனான், அந்த உரிமையில சொல்லுறன். இந்தியாவோ? மதுரைப் பக்கமோ? படிக்க வந்தனீங்களோ? நல்லது, நல்லது.

ஜன்னலைச் சாத்துங்கோ. அங்க பாருங்கோ புகையை. குப்பைத் தொட்டிக்கு நெருப்பு வைச்சிருக்கிறாங்கள். இது பிளாஸ்டிக் எரியிற மணம். இன்னும் கொஞ்சத்தில கண்ணீர்ப்புகை அடிப்பாங்கள், அது வேற மாதிரி, மூக்குக்குள்ள மிளகாய்த்தூள் போனது போல இருக்கும். பாரிசில இருக்கிறதெண்டால் இதெல்லாம் பழக வேணும்.

எனக்கு உவங்களைக் கண்டால் பத்திக்கொண்டு வரும். எங்கயோ ஒரு தேசத்தில ஆரோ ஆருக்கோ குண்டு போடுறான். அதுக்கு இஞ்ச பஸ் நிக்கிற இடத்துக் கண்ணாடியை உடைச்சு என்ன காணப் போறாங்கள்? தஞ்சம் குடுத்த நாடு. வேலை குடுத்த நாடு. ஒரு நன்றி வேணாமோ மனுசனுக்கு?

நாங்களும் செய்தனாங்கள்தான், இல்லையெண்டு சொல்லேல்ல. இரண்டாயிரத்து ஒன்பதில நாப்பது நாள் இதே பாரிசில ரோட்டில இருந்தனாங்கள். ஆனா அது வேற. எங்கட சனம் அங்க செத்துக்கொண்டிருந்தது. என்ர தமக்கை சண்டைக்குள்ள அம்பிட்டுப் போனவ, மே மாதத்தோட போன் இல்லை, இண்டைக்கு வரைக்கும் ஒரு சேதியும் இல்லை. ரெண்டு பஸ்ஸின்ர கண்ணாடி உடைஞ்சதுதான், நானும் பக்கத்தில நிண்டனான், ஆனா அது கோவத்தில நடந்தது. உவங்கள் செய்யிறது அப்பிடியில்லை.

நான் எங்க போயிட்டு வாறன் எண்டு நினைக்கிறியள்? ஏர்போட்டுக்கு இல்லை. ஏர்போட்டுக்குப் பக்கத்தில ஒரு கட்டிடம் இருக்கு, கம்பி வேலி போட்டு. ஆக்களைத் திருப்பி அவையின்ர நாட்டுக்கு அனுப்புறதுக்கு முதல் அங்க தான் வைச்சிருக்கிறது. அதுக்குள்ள ஒருத்தனைப் பாத்திட்டு வாறன். நாளைக்குக் காலமை அவனைப் பிளேனில ஏத்தப் போகினம். ஏத்தினால் அங்க இறங்கின உடன மறியல், ஜெயில்தான், உயிரோட விட்டால். அதைத்தான் யோசிச்சுக்கொண்டு இருந்தனான். நீங்கள் தமிழ் கதைக்க, கதைக்க வேணும் போல வந்திட்டுது.

என்ர பேர் குகநேசன். நேசன் எண்டு தான் எல்லாரும். இருபத்தெட்டு வருசம் இந்த ஊரில. ஒரு பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடைக் குசினியில வேலை. அவன்ர பேர் ஷெர்கோ. குர்துக்காரன். எங்களைப் போலத்தான், தங்களுக்கெண்டு ஒரு நாடு இல்லாத ஆக்கள். அவன் கோப்பை கழுவ வந்தவன், பேந்து என்னோட அடுப்படிக்கு வந்திட்டான். பதினாறு வருசம் ஒரே குசினி. அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவன்ர பாசை தெரியாது, ரெண்டு பேருக்கும் பிரெஞ்சு அரைகுறை. அதால சண்டையே வந்ததில்லை.

நல்லவனோ எண்டு கேட்டால் நல்லவன். அந்த நாப்பது நாளும் நான் ரோட்டில இருக்கேக்க என்ர வேலையையும் சேர்த்துச் செய்தவன் அவன்தான். அப்ப அவன் வந்து ரெண்டு மாதம் கூட இல்லை. தமக்கையின்ர போன் நிண்ட கிழமை நான் குசினிக்குப் போனனான். அவன் ஒரு வார்த்தை கேக்கேல்ல. என்ர சட்டி பானை எல்லாத்தையும் கழுவித் துடைச்சு அடுக்கி வைச்சிருந்தான். அவ்வளவுதான். அது ஒரு பெரிய விசயமோ எண்டு நீங்கள் நினைப்பியள். எனக்கு அண்டைக்கு அது பெரிய விசயமாத்தான் இருந்தது.

சரி, விசயத்துக்கு வாறன். எங்கட அம்மன் கோயில் தேர் ஆவணியில வரும். உங்கட பக்கத்தில சூறைத் தேங்காய் எண்டு சொல்லுவியள் என்ன? நாங்கள் சிதறு தேங்காய் எண்டுறது. தேர் வாற தெருவெல்லாம் சந்திக்குச் சந்தி தேங்காயைக் குவிச்சு வைச்சு, மேல கற்பூரம் கொளுத்தி, தேர் கிட்ட வரேக்க எல்லாரும் எடுத்து எடுத்து ரோட்டில அடிக்கிறது. வெள்ளைக்காரர் எல்லாம் வந்து நிண்டு படம் எடுப்பினம். பின்னால மாநகரசபையின்ர கூட்டிற வண்டி வரும். என்ர சந்திக்கு ஐநூறு தேங்காய். பன்ரெண்டு வருசமா அந்தச் சந்தி என்ர பொறுப்பு. ஒரு வருசம் கூட ஒரு சின்னப் பிள்ளைக்குச் சில்லு தெறிச்சுக் காயம் எண்டு வந்ததில்லை. அதில நான் வலு கவனம்.

போன வருசம் தேருக்கு முதல் வியாழக்கிழமை ஷெர்கோவின்ர ஊர்ப்பக்கம் குண்டு போடத் துவங்கிட்டாங்கள். ஆர் போட்டது, ஏன் போட்டது எண்டெல்லாம் என்னைக் கேக்காதேங்கோ, எனக்கு அவங்கட அரசியல் விளங்காது. தாய் மனுசி தனிய ஊரில. வெள்ளிக்கிழமை போன் போகேல்ல. சனிக்கிழமையும் போகேல்ல. சனிக்கிழமை அவன் என்னோட வந்து இருந்து தேங்காய்த் தும்பு பிடுங்கினவன். கோயில் மடத்துக்குப் பின்னால, சாக்கை விரிச்சுப் போட்டு. ஒரு தேங்காய் உரிப்பான், போனைப் பாப்பான். இன்னொரு தேங்காய், திருப்பிப் போன். எனக்குத் தெரியும் அந்தப் பாக்கிறது எப்பிடியெண்டு.

அப்பத்தான் கேட்டான், "நேசன், நாளைக்கு ரெண்டு மணிக்கு சதுக்கத்தில எங்கட ஆக்கள் கூடுகினம். நீ வாறியா?"

தேர் நாள். நான் எங்க போறது? அதோட அவங்கட ஊர்வலம் முதல் நாளே அடிபாட்டில முடிஞ்சது. ரெண்டு காரை எரிச்சவங்கள். நான் சொன்னன், நீயும் போகாதை, அங்க போய்க் கத்தி ஒண்டும் நடக்காது, நாங்கள் கத்திப் பாத்தனாங்கள் தானே, எங்களுக்கு என்ன நடந்தது? நீ தேருக்கு வா. எங்கட அம்மனுக்கு ஒரு தேங்காய் அடி. அம்மா போனுக்கு வருவா எண்டன்.

நம்பித்தான் சொன்னனான். பொய்க்குச் சொல்லேல்ல.

வந்தான். வெள்ளைச் சேட்டு போட்டு, தலை சீவி, கலியாண வீட்டுக்கு வாற மாதிரி. நாங்கள் எல்லாரும் வெறுங்காலோட நிக்கிறதைப் பாத்திட்டு, ஒருத்தரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழட்டி மதிலோரம் வைச்சான். சொக்சைச் சுருட்டி அதுக்குள்ள வைச்சான். எனக்கு அது நல்லாப் பிடிச்சுக்கொண்டுது. எங்கட பொடியளே சில பேர் சப்பாத்தோட நிப்பாங்கள்.

தேர் ரெண்டு சந்தி பின்னால வருகுது. மேளம் கேக்குது. கற்பூரம் கொளுத்தியாச்சு. நான் ஐநூறுக்குள்ள தேடி, நல்ல உருண்டையாய், கண் மூண்டும் வடிவாய் இருக்கிற ஒண்டை எடுத்து மஞ்சளைப் பூசி அவன்ர கையில குடுத்தன். ரெண்டு கையாலயும் பிடி எண்டன். தலைக்கு மேல உயர்த்து எண்டன். கண்ணை மூடி அம்மாவை நினை. அடிக்கேக்க ஒரே அடியில உடைய வேணும். அடிக்கிறதுக்கு முதல் கை தவறி விழுந்தால் கூடாது, கவனமாப் பிடி எண்டும் சொன்னன். அதை நான் சொல்லியிருக்கத் தேவையில்லை. சின்ன வயசில எங்களுக்குச் சொன்னதை நானும் சொன்னன், அவ்வளவுதான்.

அவன் உயர்த்தினான். கண்ணை மூடினான். நான் அடி, அடி எண்டுறன், அவன் அடிக்கிறானில்லை. நினைச்சு முடியேல்லப் போல.

அப்பத்தான் பக்கத்துத் தெருவுக்குள்ளால சனம் ஓடி வந்தது. அவங்கட ஊர்வலத்தைப் பொலிஸ் கலைச்சு, நூறு நூற்றைம்பது பேர் எங்கட பக்கம் திரும்பிட்டாங்கள். முகத்தைத் துணியால கட்டியிருக்கிறாங்கள். பின்னால பொலிஸ், கண்ணீர்ப்புகை. எங்கட சனம் பால்குடத்தையும் போட்டிட்டு ஓடுது. பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு கடைகளுக்குள்ள பாயுதுகள். தேரைப் பின்னுக்கு இழுக்கச் சொல்லி ஐயர் கத்துறார். வந்தவங்கள் என்ர குவியலைக் கண்டிட்டாங்கள். கல்லுத் தேடி ஓடுறவனுக்கு முன்னால ஐநூறு தேங்காய். அதுக்குப் பிறகு கேக்க வேணுமோ?

எறிஞ்சாங்கள் பிள்ளை. அம்மனுக்கெண்டு மஞ்சள் பூசின தேங்காய். பொலிஸ்காரங்கட கேடயப் பலகையில பட்டுச் சிதறுது, கார்க் கண்ணாடியில பட்டுச் சிதறுது. ஒரு பொலிஸ்காரனுக்குத் தாடை உடைஞ்சு போச்சு. இருபத்தாறு வயசாம் அவனுக்கு. பாவம், அவனும் ஒரு தாய் பெத்த பிள்ளை. நான் பலசரக்குக் கடைக்காரன் கதவை இறக்க முதல் குனிஞ்சு உள்ளுக்குப் போயிட்டன். கதவு முழுக்க இறங்கேல்ல. அந்த இடைவெளிக்குள்ளால பாத்தனான்.

ஷெர்கோ அந்த இடத்தை விட்டு அசையேல்ல. இப்பத்தான் கண் முழிச்சவன், நித்திரையால எழும்பின மாதிரி முழிக்கிறான். தேங்காய் தலைக்கு மேலதான். சுத்திவர எறியிறாங்கள், ஓடுறாங்கள். இவன் அதைக் கீழ போடுறானில்லை. கீழ போட்டால் அம்மாவுக்குக் கூடாது எண்டு நினைச்சிருப்பான். நான் சொன்னதைத் தானே செய்தவன். ஓடவும் இல்லை. தேர் வந்தாப் பிறகுதான் அடிக்கிறது எண்டு நிண்டிருப்பானோ தெரியாது. மூண்டு பொலிஸ்காரர் சேர்ந்து விழுத்தினாங்கள். தேங்காய் உருண்டு ஒரு காருக்குக் கீழ போயிட்டுது. அவன்ர முகம் ரோட்டில, கை முதுகுக்குப் பின்னால. கால் ரெண்டும் வெறுங்கால்.

நான் வெளியில போயிருக்கலாம் எண்டு நீங்கள் நினைக்கிறியள். போயிருந்தால் என்னையும்தான் விழுத்தியிருப்பாங்கள். ரெண்டு பேரையும் பிடிச்சால் ஆருக்கு லாபம்?

அடுத்த நாள் பேப்பரில படம் வந்தது. ஆரோ மேல் மாடியில நிண்டு எடுத்தது. நடுவில ஷெர்கோ, ரெண்டு கையாலயும் தேங்காயைத் தலைக்கு மேல தூக்கிக்கொண்டு, வாயைத் திறந்தபடி. பின்னால புகை. அதைப் பாக்க ஆருக்கும் வெறி பிடிச்சவன் எண்டு தான் தெரியும். எனக்கே ஒரு கணம் அப்பிடித்தான் தெரிஞ்சது.

திங்கட்கிழமை பின்னேரம் கோயில் மடத்தில கூட்டம். எங்கட தலைவர் சிற்றம்பலம் ஐயா பெரிய மனுசன், முப்பது வருசமா இந்தக் கோயிலுக்காக ஓடித் திரிஞ்சவர். மாநகரசபையில இருந்து கூப்பிட்டுக் கேட்டிருக்கினம், ரோட்டில ஐநூறு தேங்காயை ஏன் குவிச்சு வைச்சனீங்கள், ஆருக்கெண்டு வைச்சனீங்கள் எண்டு. வாற வருசம் தேருக்கு அனுமதி கேள்விக்குறியாம். ஐயா ஒரே வசனத்தில முடிச்சார். எங்கட ஆக்கள் ஒருத்தரும் வெளியாருக்குத் தேங்காய் குடுக்கேல்ல, வந்தவங்கள் பறிச்சவங்கள். அப்பிடி எல்லாரும் சொன்னால் கோயில் தப்பும். பேந்து என்னைப் பாத்தார்.

"நேசன், உம்மட சந்திதானே?"

"ஓம் ஐயா."

"விளங்குதுதானே?"

விளங்குது எண்டன். நீங்கள் அந்த மண்டபத்தில இருந்திருந்தால் நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பியள். இருநூறு குடும்பத்தின்ர கோயில். பிள்ளையள் தமிழ் படிக்கிற இடம். ஒருத்தனுக்காக அதைக் குடுக்கேலுமோ? அதோட ஐயா பொய் சொல்லச் சொல்லேல்ல. பறிச்சவங்கள் எண்டது உண்மைதானே. நாநூற்றுத் தொண்ணூற்றொன்பது தேங்காய் பறிச்சதுதான்.

செவ்வாய்க்கிழமை என்னைப் பொலிசுக்குக் கூப்பிட்டாங்கள். மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பிள்ளை போனில. முதல் ஒரு மணித்தியாலம் தேங்காய்க் கதைதான். இது சாப்பிடுறதுக்கோ? இல்லை. விக்கிறதுக்கோ? இல்லை. அப்ப ஏன்? உடைக்கிறதுக்கு. எதை உடைக்கிறதுக்கு? தேங்காயைத்தான். ஏன் வீட்டில உடைக்காமல் ரோட்டில? ஏன் ஒண்டு போதாதோ? எனக்குச் சிரிப்பும் வருகுது, அழுகையும் வருகுது. ஆணவத்தை உடைக்கிறம் எண்டு நான் சொல்ல, அந்தப் பிள்ளை அதை எப்பிடிச் சொல்லிச்சுதோ தெரியாது, ரெண்டு பொலிஸ்காரரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்கள்.

மேசையில ஒரு பிளாஸ்டிக் பைக்குள்ள ஷெர்கோவின்ர தேங்காய். நம்பர் ஒட்டி, சீல் வைச்சு. மஞ்சள் அப்பிடியே இருக்கு. ஒரு கீறல் இல்லை. என்ர விரல் அடையாளமும் அதில இருந்திருக்கும். அவங்கள் தேடேல்ல.

பேந்து படத்தை முன்னால வைச்சாங்கள். இவனைத் தெரியுமோ? தெரியும், என்னோட வேலை செய்யிறவன். தேருக்கு நீ கூப்பிட்டனியோ? தேருக்கு எல்லாரும் வருவினம், ஆரும் வரலாம் எண்டன். இந்தத் தேங்காயை இவனுக்கு ஆர் குடுத்தது? இவன் தனக்கு ஒரு சிநேகிதன் குடுத்து உயர்த்தச் சொன்னதெண்டு சொல்லுறான். அது நீதானோ?

நான் காணேல்ல எண்டன்.

நான் குடுக்கேல்ல எண்டு சொல்லேல்ல, பாருங்கோ. அவன் எறிய எடுத்தான் எண்டும் சொல்லேல்ல. காணேல்ல எண்டு மட்டும் தான் சொன்னன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. ஆனா அவங்கள் எழுதேக்க என்ன மாதிரி எழுதினாங்களோ ஆருக்குத் தெரியும்? நான் கையெழுத்து வைச்சிட்டு வந்திட்டன். வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் சாப்பாடு இறங்கேல்ல. அதையும் நீங்கள் கணக்கில எடுக்க வேணும்.

கோட்டில அவனுக்கு அரசாங்கம் குடுத்த லோயர், ஒரு பொம்பிளை, கெட்டிக்காரி. பொலிசுக்குக் கல்லெறிய வாறவன் சப்பாத்தைக் கழட்டி, சொக்சைச் சுருட்டி வைச்சிட்டோ வருவான் எண்டு கேட்டவ. நல்ல கேள்வி. நான் கேள்விப்பட்டிட்டு மனசுக்குள்ள சந்தோசப்பட்டனான். ஆனா நீதவான், ஓடேக்க கழண்டிருக்கும் எண்டிட்டார். படம் இருக்கு. தேங்காய் இருக்கு. தாடை உடைஞ்ச பொலிஸ்காரன் இருக்கிறான். அந்த நாள் பிடிபட்டதில முகம் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான். ஆறு மாதம் போட்டிட்டினம். மறியலில இருக்கேக்க விசாவையும் எடுத்துப் போட்டினம். பதினாறு வருசம் வேலை செய்து எடுத்த விசா.

அந்த லோயர் என்னட்டக் குசினிக்கே வந்தவ. ஐப்பசியிலயோ கார்த்திகையிலயோ. ஒரு கடதாசி. அரைப் பக்கம் கூட இல்லை. இந்தத் தேங்காயைச் சமயச் சடங்குக்கெண்டு அவருக்குக் குடுத்தது நான், உயர்த்தச் சொன்னது நான். அவ்வளவுதான் எழுதியிருந்தது. நீங்கள் இதில ஒப்பம் வைச்சால் அப்பீலில எல்லாம் மாறும் எண்டவ. முடியாதெண்டு நான் சொல்லேல்ல. யோசிச்சுச் சொல்லுறன் எண்டனான். வீட்டில சாமிப் படத்துக்கு முன்னால வைச்சனான். அம்மனே ஒரு வழி காட்டட்டும் எண்டு.

என்ர மனுசியும் அதைக் கண்டவ. விளக்கு வைக்கேக்க அந்தக் கடதாசியைத் தூக்கி, தூசி தட்டி, திருப்பி அதே இடத்தில வைப்பா. அவ்வளவுதான். சொன்னால்தானே நான் பதில் சொல்லலாம்.

தையில இன்னொரு தரம் வந்தவ லோயர். அப்ப கோயில் பொதுக்கூட்டம் முடிஞ்சு ஒரு கிழமை. இந்த வருசம் என்னை நிருவாக சபையில போட்டிருக்கினம், அதை உங்களுக்குச் சொல்லேல்ல என்ன. நான் கேக்கேல்ல. சிற்றம்பலம் ஐயாதான் பேரை முன்மொழிஞ்சவர், கோயிலுக்கு இக்கட்டு வந்த நேரம் நிலைச்சு நிண்ட மனுசன் எண்டு. எல்லாரும் கை தட்டினவை. இருபத்தெட்டு வருசத்தில எனக்கு இந்த ஊரில ஆரும் கை தட்டினதில்லை பிள்ளை. இப்ப நான் போய், நான் தான் குடுத்தனான் எண்டால் அந்தச் சபைக்கு என்ன மரியாதை? லோயர் பிள்ளையிட்ட இன்னும் ரெண்டு கிழமை தாங்கோ எண்டன். அவ குசினிக் கதவால போனவ. பேந்து வரேல்ல.

என்ன சொல்லுறியள்? இப்பவும் சொல்லலாமோ? உங்கட போனையோ? வேண்டாம் பிள்ளை, வைச்சிருங்கோ. நம்பர் அந்தக் கடதாசியில, அது வீட்டில. இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை, இஞ்ச லோயர்மார் ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்க மாட்டினம். நாளைக்குக் காலமை ஏழரைக்குப் பிளேன். எல்லாம் எங்கட கையை விட்டுப் போயிட்டுது. இந்த நாட்டில ஒரு கடதாசி ஒரு மேசையில இருந்து மற்ற மேசைக்குப் போக எவ்வளவு நாள் எடுக்கும் எண்டு உங்களுக்கு இனித்தான் தெரியும்.

ட்ரைவர் எஞ்சினை நிப்பாட்டிட்டான். அப்ப இன்னும் நேரமிருக்கு.

இண்டைக்கு ஏன் போனனான் எண்டு எனக்கே தெரியேல்ல. அவனைப் பிடிச்சாப் பிறகு இதுதான் முதல் தரம். ஏசுவான் எண்டு நினைச்சுத்தான் போனனான். ஏசட்டும், ரெண்டு அடி அடிக்கட்டும், அதோட என்ர மனப்பாரம் குறையும் எண்டு. சின்ன அறை. ஒரு மேசை, ரெண்டு கதிரை, கதவடியில பொலிஸ்காரன். அவன் பாதியாய்ப் போனான். என்னைக் கண்ட உடன எழும்பிக் கட்டிப் பிடிச்சான். குசினியைப் பற்றிக் கேட்டான். புதுசா கோப்பை கழுவ ஆர் வந்தது, பழைய அடுப்பு திருத்தினதோ எண்டு. நான் சொல்லிக்கொண்டு இருந்தன். இருபது நிமிசம் தான் தருவினம். பதினைஞ்சு நிமிசம் அடுப்பைப் பற்றித்தான் கதைச்சனாங்கள்.

நான் தான் கேட்டன், அம்மா எண்டு. இல்லையெண்டு தலையை ஆட்டினான். ஊரில ஒருத்தரும் இல்லையாம். சனம் மலைக்கு ஓடினதாம். செத்தாக்களின்ர பட்டியலிலயும் இல்லை, இருக்கிறாக்களின்ர பட்டியலிலயும் இல்லை. பேந்து மேசைக்கு மேலால குனிஞ்சு, கதவடியில நிக்கிறவனுக்குக் கேக்காமல் கேட்டான்.

"நேசன், நான் பிடிச்சிருந்த தேங்காய். அது விழுந்ததை நான் காணேல்ல. உடைஞ்சதா?"

எனக்குப் பொலிஸ் மேசையில பைக்குள்ள இருந்தது கண்ணுக்குள்ள நிக்குது. மஞ்சள், சீல், நம்பர். என்னத்தைச் சொல்லுறது? அவன்ர கண்ணைப் பாத்துக்கொண்டு என்னத்தைச் சொல்லுறது? நீங்கள் என்ர இடத்தில இருந்தால் என்ன சொல்லுவியள்?

"உடைஞ்சது. நீ போனாப் பிறகு காருக்குக் கீழ இருந்து எடுத்து நானே உடைச்சனான். ஒரே அடியில. உன்ர அம்மாவின்ர பேரைச் சொல்லித்தான் உடைச்சனான்."

அவன் என்னைப் பாத்தான். சிரிச்ச மாதிரித்தான் இருந்தது.

"அவவின்ர பேர் உனக்குத் தெரியுமா?"

பதினாறு வருசம், பிள்ளை. என்ர தமக்கையின்ர பேர் அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு மே மாதமும் அந்தப் பேரைச் சொல்லித்தான் என்னை விசாரிப்பான். நான் அம்மா எண்டு தான் சொன்னனான், அம்மனுக்கு விளங்கும் தானே எண்டன். அவன் ஓம் ஓம் எண்டான். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு பேரைச் சொன்னான். ரெண்டு தரம், ஆறுதலா, மெல்ல மெல்ல, சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கிற மாதிரிச் சொன்னான். அடுத்த முறை சொல்லு எண்டான். அதோட பொலிஸ்காரன் மணிக்கூட்டைக் காட்டிப் போட்டான்.

வெளியில வந்து பஸ்ஸுக்கு நிக்கேக்க முடிவெடுத்திட்டன். நேர கோயிலுக்குப் போய், அவன்ர அம்மா எங்க இருந்தாலும் நல்லா இருக்க வேணும் எண்டு ஒரு அர்ச்சனை செய்யிறது. என்னால ஏலுமான உதவி இப்ப அது ஒண்டுதானே. அதுக்காகத்தான் பேரை மனசுக்குள்ள சொல்லிக்கொண்டே வந்தனான். பஸ்ஸில ஏறேக்கயும் சொன்னனான். டிக்கட் எடுக்கேக்கயும் சொன்னனான்.

ஐயர் பேர் கேப்பார். நட்சத்திரம் தெரியாட்டிலும் பரவாயில்லை எண்டுவார், பேர் கட்டாயம் கேப்பார்.

வருகுதில்லை பிள்ளை. உங்களோட கதைக்கத் துவங்கேக்க இருந்தது. இப்ப எவ்வளவு யோசிச்சாலும் வருகுதில்லை.